குலுக்கலுக்குச் சாட்சி யார்?

மாதா மாதம் 18ஆம் தேதி காலை பத்து மணிக்குத் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் இணையதளம் திணறும். மூன்று மாதம் கழித்து வரப்போகும் சுப்ரபாதம், தோமாலை, அர்ச்சனை, அஷ்டதள பாத பத்மாராதனை ஆகிய சேவைகளுக்குப் பெயர் கொடுக்க அன்றுதான் தொடக்கம். 20ஆம் தேதி காலை பத்து மணியோடு பதிவு முடியும். அதன் பிறகு நடப்பதற்கு ‘எலக்ட்ரானிக் டிப்’ என்று பெயர், பேச்சில் இ-டிப். பெயர் விழுந்தவர்களின் கைபேசிக்குச் செய்தி வரும். 22ஆம் தேதி நண்பகலுக்குள் பணம் கட்டிவிட வேண்டும். பெயர் விழாதவர்கள், சித்தூர், திருத்தணி, வேலூர் வீடுகளில் வழக்கமாகச் சொல்லும் சமாதானத்தைச் சொல்லிக்கொள்வார்கள்: “அவன் கூப்பிட்டால்தானே போக முடியும்?”

கூப்பிடுவது யார் என்பது பக்தர்களின் விஷயம். கூப்பிடும் பட்டியலைத் தயாரிப்பது ஒரு மென்பொருள். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

திருப்பதியில் குலுக்கல் சிறிய விஷயம் அல்ல. 2025 ஜனவரி 8ஆம் தேதி இரவு, வைகுண்ட வாசல் தரிசன டோக்கனுக்காகத் திருப்பதியில் கூடியிருந்த கூட்டம் நெரிந்து ஆறு பேர் இறந்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 30ஆம் தேதி மறுபடியும் வைகுண்ட ஏகாதசி வந்தபோது, முதல் மூன்று நாள் தரிசனத்துக்கு வரிசையே வேண்டாம், இ-டிப் போதும் என்று தேவஸ்தானம் முடிவு செய்தது. முந்தி வந்தவருக்கு முதலிடம் என்ற விதி உயிரைக் குடிக்கும்போது, எல்லோருக்கும் ஒரே வாய்ப்பு என்ற விதி வந்து உட்காருகிறது. நியாயமான மாற்றம்தான். ஆனால் வரிசையில் நிற்பவருக்குத் தனக்கு முன்னால் எத்தனை தலை என்று கண்ணால் தெரியும். குலுக்கலில் எதுவும் தெரியாது.

உலகத்தில் இந்த ஒரு வேலையை, அதாவது ஒரு குவியலிலிருந்து பாரபட்சம் இல்லாமல் ஒன்றை எடுக்கும் வேலையை, மிகவும் சந்தேகக் கண்ணோடு ஆராய்ந்து வைத்திருப்பவர்கள் பக்தர்கள் அல்லர். சூதாட்டத்தைக் கண்காணிக்கும் அதிகாரிகள். ஆன்லைன் சூதாட்டத்துக்கு மென்பொருள் எழுதி விற்கும் நிறுவனத்துக்குப் பிரிட்டனிலும் மால்டாவிலும் தனி உரிமம் வேண்டும். அந்த மென்பொருளைச் சோதிக்கும் ஆய்வகத்துக்கு வேறு அங்கீகாரம் வேண்டும். அந்த ஆய்வகம் ஒழுங்காகச் சோதிக்கிறதா என்று பார்க்க இன்னொரு அமைப்பு. இ-டிப்பில் யாரும் பணயம் வைப்பதில்லை, தோற்றவரிடமிருந்து யாரும் எதையும் பறிப்பதில்லை. அதைச் சூதாட்டத்தோடு சேர்ப்பது அபத்தம். ஆனால் உள்ளே இயங்கும் கணக்கு இரண்டுக்கும் ஒன்று.

கணக்கிலிருந்தே தொடங்கலாம். கணினிக்குக் குலுக்கத் தெரியாது. சொன்னதைச் சொன்னபடி செய்வதற்காகவே படைக்கப்பட்ட எந்திரம் அது. அதனிடம் போய் ‘ஏதாவது ஒரு எண் சொல்’ என்றால் அது விழிக்கும். ஆகவே ஒரு தந்திரம் செய்கிறார்கள். காகிதம் பேனா எடுத்து நீங்களே செய்து பார்க்கலாம். 7 என்ற எண்ணில் தொடங்குங்கள். 5ஆல் பெருக்கி 3 கூட்டினால் 38. அதை 16ஆல் வகுத்து மீதியை மட்டும் எடுத்தால் 6. மறுபடி 6ஐ 5ஆல் பெருக்கி 3 கூட்டி 16ஆல் வகுத்தால் மீதி 1. இப்படியே போனால் வருவது: 7, 6, 1, 8, 11, 10, 5, 12, 15, 14, 9, 0, 3, 2, 13, 4. பார்த்தால் குலுக்கிப் போட்ட மாதிரியே இருக்கிறது. 0 முதல் 15 வரை ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை வந்திருக்கிறது. யாருக்கும் ஓரவஞ்சனை இல்லை.

இன்னொரு முறை பாருங்கள். ஒற்றை, இரட்டை, ஒற்றை, இரட்டை. ஒரு இடத்தில்கூடத் தவறவில்லை. இந்த வரிசையை வைத்து ‘ஒற்றையா இரட்டையா’ சூது நடத்தினால், இரண்டாவது ஆட்டத்திலேயே கூர்மையான ஆள் கடையைக் காலி செய்துவிடுவார். அதோடு 4க்கு அடுத்து மறுபடி 7 வந்து, பழைய வரிசை அப்படியே திரும்ப ஓடும்.

நிஜ மென்பொருளில் 16க்குப் பதில் ராட்சத எண்கள் இருக்கும். சுற்று முடியவே யுகங்கள் ஆகும். ஆனாலும் அடிப்படை இதேதான்: தொடக்க எண் தெரிந்தால் வரப்போகும் எல்லாம் தெரியும். அந்தத் தொடக்க எண்ணை விதை என்கிறார்கள். விதையை யார் போடுகிறார்கள், எங்கிருந்து எடுக்கிறார்கள் என்பதில்தான் மொத்த நாணயமும் அடங்கியிருக்கிறது.

1999இல் நடந்தது இதற்குச் சரியான உதாரணம். பிளானட் போக்கர் என்ற இணையதளத்துக்கு ஏ.எஸ்.எஃப். சாஃப்ட்வேர் என்ற நிறுவனம் சீட்டு கலைக்கும் மென்பொருளை எழுதிக் கொடுத்திருந்தது. ‘நாங்கள் எவ்வளவு நேர்மையாகக் கலைக்கிறோம் பாருங்கள்’ என்று காட்டுவதற்காக, கலைக்கும் நிரலையே பொதுவில் வெளியிட்டார்கள். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ரிலையபிள் சாஃப்ட்வேர் டெக்னாலஜீஸ் என்ற நிறுவனத்தில் வேலை பார்த்த சில பொறியாளர்கள் அதைப் படித்தார்கள். படிக்கப் படிக்கப் பிழைகள்.

முதல் பிழை எளிமையானது. 1 முதல் 52 வரை எண் கேட்க வேண்டிய இடத்தில் 1 முதல் 51 வரை கேட்டிருந்தது. அதனால் கடைசிச் சீட்டு கடைசி இடத்திலேயே தங்க வாய்ப்பே இல்லை.

இரண்டாவது பிழை ரசமானது. கட்டில் உள்ள ஒவ்வொரு சீட்டையும் எடுத்து, கட்டில் ஏதோ ஒரு இடத்தில் உள்ள சீட்டோடு மாற்றிக்கொண்டே போவது அவர்கள் முறை. கேட்டால் நியாயமாகத்தான் படுகிறது. மூன்றே சீட்டு வைத்துப் பார்த்தால் குட்டு உடைந்துவிடும். ராஜா, ராணி, ஜாக்கி. முதல் சீட்டை மூன்று இடங்களில் ஒன்றோடு மாற்றலாம், இரண்டாவதையும் அப்படியே, மூன்றாவதையும் அப்படியே. 3 × 3 × 3, மொத்தம் 27 வழிகள். ஆனால் மூன்று சீட்டை அடுக்கக்கூடிய வரிசைகள் ஆறுதான். 27ஐ ஆறு பேருக்குச் சமமாகப் பங்கு போட முடியுமா? முடியாது. எண்ணிப் பார்த்தால் மூன்று வரிசைகளுக்கு ஐந்தைந்து வழிகளும், மற்ற மூன்றுக்கு நான்கு நான்கு வழிகளும் கிடைக்கின்றன. சில அடுக்குகள் மற்றவற்றைவிட அடிக்கடி வரும். யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை. வகுத்தல் கணக்கு ஏமாற்றுகிறது. இதற்கு மருந்து சின்னதுதான். ஒரு முறை இடம் ஒதுக்கப்பட்ட சீட்டை மறுபடி தொடாமல், மீதியுள்ளவற்றில் மட்டும் தேர்வு செய்ய வேண்டும். 3 × 2 × 1, ஆறு வழி, ஆறு வரிசை. இந்த முறையை ஃபிஷரும் யேட்ஸும் 1938இலேயே எழுதி வைத்துவிட்டார்கள்.

மூன்றாவது பிழைதான் கழுத்தை அறுத்தது. 52 சீட்டுகளை அடுக்கக்கூடிய வழிகள் 8க்குப் பின்னால் 67 சுழியம் போட்ட அளவு. அந்த நிரல் பயன்படுத்திய விதையோ 32 பிட் எண். அதில் சுமார் 430 கோடி விதைகள்தான் உண்டு. போதாக்குறைக்கு, நள்ளிரவிலிருந்து எத்தனை மில்லி விநாடி கடந்தது என்ற கடிகார எண்ணையே விதையாகப் போட்டார்கள். ஒரு நாளில் 8 கோடியே 64 லட்சம் மில்லி விநாடிகள்தாம். தங்கள் கணினியின் கடிகாரத்தை அந்தத் தளத்தின் கடிகாரத்தோடு ஒத்துவைத்துக்கொண்டால், தேட வேண்டியது சுமார் இரண்டு லட்சம் விதைகள். கையில் உள்ள இரண்டு சீட்டு, மேசையில் விரித்த மூன்று சீட்டு, இந்த ஐந்தையும் வைத்து அந்தப் பொறியாளர்கள் எழுதிய நிரல், ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே மற்ற எல்லோர் கையிலும் என்ன இருக்கிறது, அடுத்து எது வரும் என்று சொல்லிவிட்டது. அவர்கள் அதை வைத்துச் சம்பாதிக்காமல் ஊருக்குச் சொன்னார்கள்.

நிரலை வெளியிட்டது முட்டாள்தனம் என்று சிலர் இதற்கு அர்த்தம் செய்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஒளித்து வைத்திருந்தால் பிழை அப்படியே இருந்திருக்கும். கண்டுபிடித்தவன் வாயைத் திறந்திருக்க மாட்டான்.

அப்படியானால் யாராலும் ஊகிக்க முடியாத விதை எங்கே கிடைக்கும்? இயற்கையிடம். பிரிட்டன் அரசின் பிரீமியம் பாண்டு பரிசுக் குலுக்கலை 1957 ஜூன் 1 முதல் எர்னி என்ற எந்திரம் நடத்துகிறது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய ரகசியக் குறியீடுகளை உடைக்கும் கொலோசஸ் எந்திரத்தைக் கட்டிய அஞ்சல் துறைப் பொறியாளர்களே இதையும் கட்டினார்கள். நியான் வாயுக் குழாய்க்குள் மின்சாரம் பாயும்போது எழும் ஒழுங்கற்ற இரைச்சல்தான் முதல் எர்னியின் விதை. 2019இல் வந்த ஐந்தாவது எர்னி, ஒளித்துகள்களின் குவாண்டம் நடத்தையிலிருந்து எண்களை எடுக்கிறது. ராண்டம் டாட் ஆர்க் என்ற தளம் 1998 முதல் வானொலியில் கேட்கும் வளிமண்டல இரைச்சலையே எண்ணாக்கிக் கொடுக்கிறது.

நம் ஊர்ப் பக்கமே அப்படிப்பட்ட இரைச்சல் நிறைய உண்டு. திருப்பதியிலிருந்து சித்தூர் போகும் வழியில் கடங்கியில் தேசிய வளிமண்டல ஆய்வகம் இருக்கிறது. அங்குள்ள பெரிய ராடார் 53 மெகா ஹெர்ட்சில் காற்று மண்டலத்தின் அசைவுகளைக் கேட்கிறது. அந்த அலைவரிசையில் நம் விண்மீன் மண்டலம் முழுவதிலிருந்தும் வரும் இரைச்சலும் சேர்ந்து கேட்கும். காற்றை ஆராய்கிறவர்களுக்கு அது தொல்லை. எப்படி வடிகட்டலாம் என்று பார்ப்பார்கள். விதை தேடுகிறவருக்கோ அது வானத்திலிருந்து கொட்டுகிற பொக்கிஷம்.

விதை நல்லதாக இருந்தாலும், வெளியே வரும் எண்களைச் சோதிக்காமல் விடக் கூடாது. இங்கேதான் ஆய்வகங்கள் வருகின்றன. அமெரிக்காவின் நியூஜெர்சியில் 1989இல் தொடங்கிய ஜி.எல்.ஐ., ஆஸ்திரேலியாவின் பி.எம்.எம்., மெல்போர்னின் ஐடெக் லேப்ஸ் என்று சில பெயர்கள் இந்தத் தொழிலில் பிரபலம். நம் நாட்டு ஆன்லைன் ரம்மி தளங்கள் பலவற்றின் முகப்பில் ‘ஆர்.என்.ஜி. சான்று பெற்றது’ (எண் எடுக்கும் நிரல் சோதிக்கப்பட்டது) என்ற முத்திரையோடு இருந்த பெயர் பெரும்பாலும் ஐடெக் லேப்ஸ்தான். கோடிக்கணக்கான எண்களை வாங்கி, அவற்றின் மீது சோதனைகளை வரிசையாக ஓட்டுவார்கள். அமெரிக்காவின் என்.ஐ.எஸ்.டி. நிறுவனம் வகுத்த தொகுப்பில் 15 சோதனைகள். ஜார்ஜ் மர்சாக்லியா என்ற கணிதவியலாளர் 1995இல் வெளியிட்ட தொகுப்புக்கு ‘டைஹார்ட்’ என்று பெயர், சினிமாப் பெயர்தான். நம் ஒற்றை இரட்டை வரிசையெல்லாம் முதல் சோதனைகளிலேயே மண்ணைக் கவ்விவிடும்.

இந்தச் சோதனைகளின் தத்துவம் மனித மனசுக்குச் சற்று முரண்டு பிடிக்கும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ஒருவரை நாணயத்தை 200 முறை சுண்டி ‘தலை, பூ’ என்று எழுதச் சொல்லுங்கள். இன்னொருவரைச் சுண்டாமல், மனசிலிருந்தே 200 எழுதச் சொல்லுங்கள். இரண்டு தாள்களையும் வாங்கிப் பார்த்தால் எது நிஜம் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். நிஜமாகச் சுண்டியதில் ஒரே முகம் தொடர்ந்து ஆறு முறையோ அதற்கு மேலோ விழுந்த இடம் ஒன்றாவது இருக்கும். அப்படி இருக்க வாய்ப்பு நூற்றுக்குத் தொண்ணூற்றாறுக்கு மேல். மனசிலிருந்து எழுதுகிறவர் நான்கு ‘தலை’ எழுதியதுமே கை கூசி ‘பூ’ போட்டுவிடுவார். நாம் ஒழுங்கின்மை என்று நினைப்பது உண்மையில் அதிக ஒழுங்கு. ஒரே தெருவில் மூன்று வீட்டுக்குச் சேவை டிக்கெட் விழுந்தால் ‘உள்ளே ஆள் இருக்கு’ என்று பேசுவோம். நேர்மையான குலுக்கலிலும் அப்படி நடக்கும்.

இதிலிருந்து ஒரு சங்கடமான முடிவுக்கு வந்தாக வேண்டும். ஒரு குலுக்கலின் முடிவை மட்டும் பார்த்து அது நேர்மையா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. நடந்த முறையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

எட்டி டிப்டன் இதை நிரூபித்தார். அமெரிக்காவின் பல மாநிலங்கள் சேர்ந்து நடத்தும் லாட்டரிச் சங்கத்தில், அயோவாவில், தகவல் பாதுகாப்புக்கே அவர்தான் இயக்குநர். குலுக்கல் எண்களைத் தரும் மென்பொருளை எழுதியவரும் அவரே. அதில் சில வரிகளைச் சேர்த்து வைத்திருந்தார். மே 27, நவம்பர் 23, டிசம்பர் 29, இந்த மூன்று தேதிகளில் ஒன்று புதன் அல்லது சனிக்கிழமையில் வந்து, மணி இரவு எட்டைத் தாண்டியிருந்தால், நிரல் இயற்கை விதையை ஒதுக்கிவிட்டு அவருக்குத் தெரிந்த கணக்குப்படி எண் போடும். ஆண்டின் மற்ற நாள்களில் குறையே சொல்ல முடியாது. 2010 டிசம்பர் 29, புதன்கிழமை. பரிசு 1 கோடியே 65 லட்சம் டாலர். பெட்ரோல் பங்க் கடை ஒன்றில் முகத்தை மறைக்கும் தொப்பிச் சட்டையோடு சீட்டு வாங்கிய ஆள் கண்காணிப்புக் கேமராவில் பதிவானார். பரிசைக் கேட்டு வந்ததோ ஒரு வெளிநாட்டு அறக்கட்டளையின் பெயரில் ஒரு வழக்கறிஞர். அங்கேதான் நூல் பிடித்தார்கள். விஸ்கான்சினில் எடுத்து வைத்திருந்த பழைய எந்திரத்தில் அந்த வரிகள் அகப்பட்டன. 2017இல் டிப்டனுக்கு 25 ஆண்டுகள் வரை சிறை என்று தீர்ப்பாயிற்று.

அவருடைய மென்பொருள் வெளியார் சோதனையைத் தாண்டித்தான் வந்திருந்தது. எத்தனை கோடி எண்களை எடுத்து டைஹார்டில் ஓட்டினாலும் மூன்று தேதிகளின் ரகசியம் வெளியே வராது. நிரலை வரி வரியாகப் படிக்கிற ஒருவர் வேண்டும். அந்த ஒருவர், எழுதியவராக இருக்கக் கூடாது.

சோதிக்கிறவரே திருடனாக இருந்தால்? அதுவும் நடந்திருக்கிறது. ரொனால்டு ஹாரிஸ் என்பவர் நெவாடா சூதாட்டக் கட்டுப்பாட்டு வாரியத்தில் எந்திரங்களைச் சோதிக்கும் பிரிவில் இருந்தார். 1990களின் தொடக்கத்தில், காசினோக்களின் எந்திரங்களைச் சரிபார்க்கும் கருவியிலேயே கைவைத்தார். அதிகாரிகள் நேர்மையாகச் சோதிக்கப் போகும் ஒவ்வொரு எந்திரத்திலும் அவருடைய நிரல் ஏறிக்கொண்டது. குறிப்பிட்ட வரிசையில் காசு போட்டால் பரிசு கொட்டும். 1995 ஜனவரியில் அட்லாண்டிக் சிட்டியில் கீனோ என்ற எண் ஆட்டத்தில் கூட்டாளி எட்டுக்கு எட்டு எண்ணும் சரியாகச் சொல்லி ஒரு லட்சம் டாலர் கேட்டபோது மாட்டிக்கொண்டார்கள்.

இந்த மாதிரிக் கதைகளைக் கேட்டுக் கேட்டுத்தான் இன்றைய அங்கீகார விதிகள் ஒவ்வொன்றாகப் பிறந்தன. விளையாட்டு மென்பொருளை எழுதும் நிறுவனம் ஒன்று நூற்றுக்கணக்கான தளங்களுக்கு அதை விற்கிறது. ஆகவே ஊற்றிலேயே பிடிக்க வேண்டும் என்பது முதல் யோசனை. நிறுவனத்தின் முதலாளி யார், முதல் எங்கிருந்து வந்தது, முக்கியப் பொறுப்பில் இருப்பவர்களின் பின்புலம் என்ன என்று தோண்டுவார்கள். மூல நிரலைக் கேட்டு வாங்கிப் படிப்பார்கள். ஆய்வகம் தானே ஐ.எஸ்.ஓ. 17025 என்ற தரநிலைக்கு உட்பட வேண்டும். நம்மூரில் ரத்தப் பரிசோதனை நிலையமும் சிமென்ட் சோதனைச் சாலையும் என்.ஏ.பி.எல். முத்திரை வாங்குகின்றனவே, அதே குடும்பம்தான்.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ஹாஷ் முத்திரை. ஆய்வகத்தில் ஒரு மென்பொருளைக் காட்டிச் சான்று வாங்கிவிட்டு, கடையில் வேறொன்றை ஓட்டினால் என்ன செய்வது? சோதித்த கோப்பை ஷா-256 என்ற கணக்குக்குள் செலுத்துவார்கள். எவ்வளவு பெரிய கோப்பானாலும் 64 எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு கைரேகை வெளியே வரும். லட்சம் வரி நிரலில் ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் கைரேகை அடையாளம் தெரியாமல் மாறிப்போகும். அந்த 64 எழுத்துகளைச் சான்றிதழிலேயே அச்சிடுகிறார்கள். என்றைக்கு வேண்டுமானாலும் அதிகாரி வந்து, ஓடிக்கொண்டிருக்கும் கோப்பின் கைரேகையை எடுத்து ஒப்பிடலாம். நிரலைத் திருத்தினால் மறுபடி சோதனைக்கு வர வேண்டும். எர்னியின் எண்களையும் பிரிட்டன் அரசின் கணிப்பாளர் துறை மாதா மாதம் சோதித்துச் சான்று தருகிறது. அந்தச் சான்று வராமல் குலுக்கல் செல்லாது.

இவ்வளவும் புதிதா என்றால், நம் மண்ணில் 1,100 ஆண்டுகளுக்கு முன்பே இதற்கு ஒரு கையேடு எழுதிக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டிய குடவோலைக் கல்வெட்டுகள். ஜனநாயகத்தின் முன்னோடி என்று மேடைதோறும் முழங்கி அதைத் தேய்த்துவிட்டோம். அது பிராமணர்களின் சபைக்கு மட்டுமான தேர்வு என்பதையும் மேடையில் சொல்வதில்லை. அதைத் தேர்தல் நூலாகப் படிக்காமல் குலுக்கலின் தணிக்கை விதியாகப் படித்துப் பாருங்கள்.

ஓலைகள் குடத்தில் போடப்படும்போது இளைஞரும் முதியவருமாகச் சபை முழுக்கக் கூடியிருக்க வேண்டும். கோயில் நம்பிமாரில், அதாவது அர்ச்சகர்களில், மூத்தவர் எழுந்து குடத்தை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிக் காட்ட வேண்டும். உள்ளே இருப்பது என்னவென்று அறியாத ஒரு சிறுவன் ஓலைக் கட்டு ஒன்றை எடுக்க வேண்டும்; அதை வேறொரு குடத்தில் போட்டுக் குலைத்து, அதிலிருந்து ஒரு ஓலையை அவனே எடுக்க வேண்டும். வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். விரல் மடக்கினால் இடுக்கில் வேறு ஓலை இருக்கக்கூடுமே! அவன் வாசிக்க வேண்டும். பிறகு அங்குள்ள நம்பிமார் அனைவரும் அதே ஓலையை வாசிக்க வேண்டும். அப்புறம்தான் பெயர் ஏறும். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய நெருங்கிய உறவினருக்கும் ஓலையே கிடையாது. இன்றைய சூதாட்ட ஆணையங்கள் நிறுவன முதலாளியின் யோக்கியதையைத் தோண்டுவது இதே காரணத்துக்காகத்தான். உள்ளே இருப்பதை அறியாத அந்தச் சிறுவனின் இடத்தில்தான் நியான் குழாய் உட்கார்ந்திருக்கிறது.

இனி நம் சட்டத்துக்கு வருவோம். 1967 நவம்பரில் ஆந்திரப் பிரதேச அரசுக்கும் கே. சத்தியநாராயணாவுக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம், ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம், மூணு சீட்டு போல வெறும் அதிர்ஷ்டம் அல்ல என்றது. விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும், எதைப் பிடிப்பது எதைப் போடுவது என்று யோசிக்க வேண்டும் என்பது காரணம். அது செகந்திராபாத் கிளப் ஒன்றில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடிய ஆட்டம். கட்டைக் கலைத்தவரின் கையை நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தீர்ப்பைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு பிற்பாடு ரம்மி கைபேசிக்கு வந்தபோது, கலைக்கும் கை மேகக் கணினிக்குள் போய்விட்டது. கலைப்பது நேர்மையாக இருந்தால்தானே திறமைக்கு வேலை? சிக்கிமும் நாகாலாந்தும் ஆன்லைன் ஆட்டத்துக்கு உரிமம் தரும் சட்டம் இயற்றின. மற்ற மாநிலங்களில் நிறுவனங்களே விரும்பி வெளிநாட்டு ஆய்வகத்துக்குப் போய்ச் சான்று வாங்கி மாட்டிக்கொண்டன. 2023இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகள், ஆட்டங்களைச் சரிபார்க்கச் சுய ஒழுங்கு அமைப்புகளைப் பற்றிப் பேசின. ஒரு அமைப்புகூட அறிவிக்கப்படவில்லை.

ஆந்திரா சோதிக்கும் வழிக்கே போகவில்லை. 2020 செப்டம்பரில் அவசரச் சட்டம் கொண்டுவந்து ஆன்லைன் ரம்மி, போக்கர் எல்லாவற்றையும் தடை செய்தது. ஆடினால் ஆறு மாதம் வரை சிறை. நடத்தினால் முதல் முறை ஓராண்டு, மறுபடி என்றால் இரண்டாண்டு. 132 தளங்களையும் செயலிகளையும் முடக்கும்படி மத்திய அரசுக்கு எழுதியது. தமிழ்நாடோ, நீதிபதி கே. சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பிறகு, ஆளுநரிடம் போய்த் திரும்பி வந்த மசோதாவை மறுபடி நிறைவேற்றி 2023 ஏப்ரலில் சட்டமாக்கியது. கடைசியில் 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை நாடு முழுக்கத் தடுத்துவிட்டது. நடத்துபவருக்கு மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின.

தடையோடு எனக்குச் சண்டை இல்லை. சான்றிதழ் நேர்மைக்குத்தான், பர்சுக்கு அல்ல. நூற்றுக்கு 95 ரூபாய் திருப்பித் தரும் என்று சான்று பெற்ற எந்திரத்தில் 100 ரூபாயைப் போட்டு, வருவதையெல்லாம் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தால், ஐம்பதாவது சுற்றில் சராசரியாக மிஞ்சுவது எட்டு ரூபாய்க்கும் குறைவு. ஒரு பைசா ஏமாற்றாமலே குடும்பத்தைத் தெருவுக்குக் கொண்டுவர முடியும். இதை எந்த ஆய்வகமும் தடுக்காது.

ஆனால் தடை போட்டதோடு குலுக்கலைச் சரிபார்க்கும் அறிவும் நமக்குத் தேவையில்லை என்று ஆகிவிடவில்லை. ஏனென்றால் நம் அரசுகளும் கோயில்களும் நாள்தோறும் குலுக்கிக்கொண்டுதான் இருக்கின்றன. ரம்மியைத் தடை செய்த அதே ஆந்திராவில், 2024 அக்டோபர் 14ஆம் தேதி 3,396 மதுக்கடைகளுக்கு மாவட்டம்தோறும் குலுக்கல் நடந்தது. 89,882 விண்ணப்பங்கள், ஒவ்வொன்றுக்கும் திரும்பக் கிடைக்காத கட்டணம் இரண்டு லட்சம் ரூபாய். ஒரு கடைக்குச் சராசரியாக 26 பேர் போட்டி. அதாவது 25 பேர் தலைக்கு இரண்டு லட்சத்தை விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அரசுக்கு வந்தது 1,797 கோடி. இதற்குச் சூதாட்டம் என்று பெயர் இல்லை. தேர்தலில் எந்த வாக்குப்பதிவு எந்திரம் எந்தச் சாவடிக்குப் போகும் என்பதையும் கணினிதான் குலுக்கி முடிவு செய்கிறது. அதைக் கட்சிக்காரர்களின் முன்னால் செய்வது நல்ல வழக்கம்.

கட்சிக்காரர் முன்னால் செய்யலாம். லட்சக்கணக்கான பக்தர்களின் முன்னால் எப்படிச் செய்வது? அதற்கும் வழி இருக்கிறது, செலவும் கிடையாது. இணையத்தின் தொழில்நுட்ப விதிகளை வகுக்கும் ஐ.இ.டி.எஃப். என்ற அமைப்பு தன் நியமனக் குழுவைக் குலுக்கித்தான் தேர்ந்தெடுக்கிறது. அதற்கான முறையை 2004இல் ஆவணமாகவே வெளியிட்டிருக்கிறார்கள். முதலில் விண்ணப்பித்தவர்களின் பட்டியலை வரிசை எண்ணோடு வெளியிடுவார்கள். இனிமேல் நடக்கப்போகும் இன்ன லாட்டரியின் இன்ன தேதி முடிவுதான் விதை என்று முன்கூட்டியே அறிவிப்பார்கள். எந்தக் கணக்கில் போட்டு எடுக்கப்போகிறோம் என்பதும் பகிரங்கம். லாட்டரி எண் வந்ததும் உலகத்தில் யார் வேண்டுமானாலும் தன் கணினியில் அந்தக் கணக்கைப் போட்டு, அதே பெயர்கள் வருகின்றனவா என்று பார்த்துக்கொள்ளலாம். நம்பச் சொல்லிக் கேட்பதே இல்லை.

திருப்பதிக்கும் இது பொருந்தும். பெயர்கள் வேண்டாம், பதிவு எண்களின் பட்டியல் போதும். 20ஆம் தேதி பத்து மணிக்குப் பதிவு முடிந்ததும் அந்தப் பட்டியலின் 64 எழுத்துக் கைரேகையை வெளியிட்டுவிட்டால், அதன் பிறகு ஒரு பெயரை நுழைக்கவோ நீக்கவோ முடியாது. விதைக்கு, அன்று மூன்று மணிக்குத் திருவனந்தபுரத்தில் எந்திரம் சுழற்றி எடுக்கும் கேரள லாட்டரி எண்ணைச் சொல்லலாம். பெருமாள் விஷயத்தில் லாட்டரியா என்று முகம் சுளிப்பார்கள் என்றால், அமெரிக்காவின் என்.ஐ.எஸ்.டி. நிமிஷத்துக்கு ஒரு முறை பொதுவில் வெளியிடும் சமவாய்ப்பு எண் இருக்கிறது.

இ-டிப் மீது எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. சந்தேகம் இல்லாதபோதே இதைச் செய்துவிடுவதுதான் நல்லது. வதந்தி கிளம்பிய பிறகு எந்த விளக்கமும் எடுபடாது. ஏர்ப்பேட்டில் ஐ.ஐ.டி.யும் ஐசரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இந்தச் சரிபார்ப்பு அங்குள்ள மாணவர்களுக்கு ஒரு பருவத் திட்டப்பணி அளவு வேலைதான். தேவஸ்தானம் அவர்களைக் கூப்பிடலாம். மதுக்கடைக்கும் மனைப்பட்டாவுக்கும் குலுக்கும் மாவட்ட நிர்வாகங்களும் கூப்பிடலாம்.